வேட்டை நாயும் இலைக்கொடியும்: பழைய ஐரோப்பிய அலங்கார எட்சிங்கை எப்படிப் பார்ப்பது?

கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேட்டைக் காட்சி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணினித் திரை முழுக்க விரிந்திருந்தது. இரண்டு நாய்கள் ஒரு கலைமானின் பின்னங்காலைக் கவ்வுகின்றன, பின்னால் ஒருவன் கன்னம் உப்ப ஊதுகொம்பு ஊதுகிறான், மரங்களுக்கு நடுவே ஒரு முயல் தப்பி ஓடுகிறது. பெரிய சுவரோவியம் என்றே நினைத்தேன். படத்துக்குக் கீழே அளவு கொடுத்திருந்தார்கள். அதே அளவில் தாளில் எடுத்துப் பார்த்தால், உயரம் என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

அன்றிலிருந்து இந்தப் படங்களை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். இவை இப்போது நிறையப் பகிரப்படுகின்றன. மரத்தில் வெட்டியது, செம்பில் செதுக்கியது, அமிலத்தில் அரித்தது எல்லாவற்றுக்கும் 'பழைய எட்சிங்' என்று ஒரே பெயர். கூடவே 'அந்தக் காலத்தில் இப்படித்தான் வேட்டையாடினார்கள்' என்று ஒரு வரி. பெயரிலும் குழப்பம், அந்த வரியிலும் குழப்பம். இரண்டையும் மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம்.

## வெட்டுவது வேறு, அரிப்பது வேறு

ரப்பர் ஸ்டாம்பை நினைத்துக்கொள்ளுங்கள். மேடாக இருக்கும் எழுத்தில் மை ஒட்டும், அது தாளில் பதியும். மரச்செதுக்கு அச்சும் அப்படித்தான். கோடு வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் மரத்திலிருந்து வெட்டி எடுத்துவிடுவார்கள்.

அடுத்து பாத்திரக் கடை. எவர்சில்வர் குடம் வாங்கினால் அதில் பெயர் வெட்டித் தருவார்கள். கருவியின் முனை உலோகத்தையே தோண்டிக்கொண்டு போகும். ஐரோப்பியச் செதுக்கு அச்சில் இந்த வேலையைச் செய்வது பூரின் என்ற கூரான சிற்றுளி. செம்புத் தகட்டில் அதை அழுத்தித் தள்ளினால் உலோகம் சுருள் சுருளாக வெளியே வரும். கையில் பலம் வேண்டும், பல வருடப் பயிற்சி வேண்டும். பொற்கொல்லர்கள் இதில் கெட்டிக்காரர்கள்.

இனி எட்சிங். கடப்பாக்கல் மேடையில் பாத்ரூம் கழுவும் ஆசிட் கொஞ்சம் சிந்திவிட்டால் என்ன ஆகும்? பட்ட இடம் மட்டும் அரித்து, தடவிப் பார்த்தால் பள்ளமாகத் தெரியும். யாரும் உளி எடுக்கவில்லை, ஆசிட்டே தோண்டிவிட்டது. எட்சிங்கின் அடிப்படை இதுதான், சிந்தும் இடத்தை நாம் தீர்மானிக்கிறோம் என்பது மட்டுமே வித்தியாசம்.

தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த ஒரு பூச்சைப் பூசுகிறார்கள். அமிலம் அதைத் தாண்டிப் போகாது. ஓவியர் ஊசியால் அந்தப் பூச்சின் மேல் வரைகிறார். ஊசி உலோகத்தைத் தோண்டுவதில்லை, பூச்சை விலக்கிவிடுகிறது, அவ்வளவுதான். பிறகு தகட்டை அமிலத்தில் போட்டால், பூச்சு விலகிய கோடுகளில் மட்டும் உலோகம் அரிக்கப்பட்டுப் பள்ளமாகிறது. பூச்சைத் துடைத்துவிட்டு, பள்ளத்துக்குள் மையைத் தேய்த்து, மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்து, ஈரமான தாளை வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுத்தால் படம் தயார். பள்ளத்தில் தங்கிய மை தாளுக்கு வருவதால் செதுக்கு அச்சையும் எட்சிங்கையும் சேர்த்துக் குழிவு அச்சு என்கிறோம்.

வேட்டைக் காட்சிக்கு எட்சிங் இவ்வளவு பொருந்திப் போனதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. மெழுகின் மேல் ஊசி, தாளில் பேனா ஓடுகிற மாதிரி ஓடும். காட்டுப்பன்றியின் முதுகு மயிர், நாயின் வாலில் தொங்கும் ரோமம், புதர், சேறு, மரத்தின் இலைக்கூட்டம் எல்லாம் குட்டிக் குட்டியாகக் கிறுக்க வேண்டிய விஷயங்கள். பூரினால் ஒவ்வொரு மயிரையும் தள்ளித் தள்ளி வெட்ட வேண்டும். ஊசியால் அரை நிமிடத்தில் ஒரு பன்றிக்கு மயிர் சிலிர்க்க வைத்துவிடலாம்.

வித்தியாசத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். படத்தைப் பெரிதாக்கி ஒரு கோட்டின் நுனியைப் பாருங்கள். பூரின் கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, முள் மாதிரி கூராக முடியும். எட்சிங் கோடு முழுக்க ஏறக்குறைய ஒரே தடிமனில் போய், மழுங்கலாக நிற்கும்.

சுருக்கமாக: மரச்செதுக்கில் மேடு அச்சாகிறது, செதுக்கு அச்சில் கை தோண்டுகிறது, எட்சிங்கில் அமிலம் தோண்டுகிறது. நாய் மயிரும் புல்லும் எட்சிங்கில் இவ்வளவு உயிரோடு இருப்பதற்கு ஊசியின் சுதந்திரமே காரணம்.

## கவசப் பட்டறையிலிருந்து காகிதத்துக்கு

அமிலத்தால் அரிக்கும் வித்தையை முதலில் கையில் வைத்திருந்தவர்கள் காகிதத்தில் படம் அச்சிடுகிறவர்கள் இல்லை. கவசம் செய்கிறவர்கள். எஃகுக் கவசத்தில் உளியால் அலங்காரம் வெட்டுவது பெரும் பாடு. அமிலம் மேலோட்டமாக அரித்துக் கொடுத்துவிடும். கொடி, இலை, மிருகம் எல்லாவற்றையும் பூச்சால் மூடிவிட்டு, பின்னணியை மட்டும் அரிக்க விட்டுக் கருப்பாக்குவார்கள். கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கொடி பளிச்சென்று நிற்கும்.

தெற்கு ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரம் இதற்குப் பேர்போனது. அங்கே கவசங்களுக்கு அமில வேலை செய்துவந்த டேனியல் ஹோப்ஃபர், 1500ஐ ஒட்டிய வருடங்களில் இரும்புத் தகட்டில் அரித்து அதிலிருந்து தாளில் அச்செடுக்கத் தொடங்கினார். கவசத்தில் செய்த அதே கருப்புப் பின்னணி, வெள்ளைக் கொடி அவருடைய அலங்கார அச்சுகளிலும் வருகிறது. தாளில் அச்சான கவசத் துண்டு என்றே அவற்றைச் சொல்லலாம். அவருடைய மகன்கள் ஹியரோனிமஸும் லாம்பெர்ட்டும் அதே தொழிலுக்கு வந்தார்கள்.

தேதி பொறித்த எட்சிங்குகளில் மிகப் பழையது 1513ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் ஊர்ஸ் கிராஃப் செய்தது, கால் கழுவும் பெண்ணின் படம். புகழ்பெற்ற ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515 முதல் 1518 வரை ஆறு எட்சிங்குகள் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இரும்பில் கோடு கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் வரும், துருவும் பிடிக்கும். பிறகு செம்புக்கு மாறினார்கள், கோடு மெலிந்தது. 1645இல் பாரிஸில் ஆபிரஹாம் போஸ் எட்சிங் செய்முறைக்கென்று ஒரு கையேடே போட்டார்.

இந்த வரலாற்றில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். எட்சிங் பிறந்த வீடு ஆயுதப் பட்டறை. அலங்காரமும் வேட்டையும் அங்கே ஏற்கெனவே குடியிருந்தன.

## கோல நோட்டு மாதிரி ஒரு தாள்

மார்கழி வந்தால் கோல நோட்டைத் தேடாத வீடு குறைவு. அதில் புள்ளிக்கணக்கோடு மயில் இருக்கும், அன்னம் இருக்கும், மான் இருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. பார்த்து வாசலில் போடுவதற்காக வைத்திருக்கிறோம். வாசலின் அகலத்துக்குத் தகுந்தபடி பாதி எடுப்போம், இரண்டு மயில்களை எதிரெதிரே வைப்போம், பிடிக்காத பூவை விட்டுவிடுவோம்.

சுண்டுவிரல் உயரத்தில் நான் பார்த்த அந்த வேட்டைக் காட்சியும் இப்படி ஒரு நோட்டின் பக்கம்தான். இதை அலங்கார மாதிரி அச்சு என்பார்கள்: பொற்கொல்லர், துப்பாக்கி செய்கிறவர், மரவேலைக்காரர், மட்பாண்ட ஓவியர் ஆகியோர் பார்த்து எடுத்துப் பயன்படுத்துவதற்காக அச்சிட்டு விற்ற வடிவங்கள். அதன் நீண்ட ஒல்லியான வடிவத்துக்கு ஃப்ரீஸ் என்று பெயர். பட்டுப்புடவையின் கரையில் யாளியும் மயிலும் வரிசையாகப் போகிறதே, அதே ஏற்பாடு. கிண்ணத்தின் விளிம்பு, பெட்டியின் ஓரம், கத்தியின் உறை என்று எதைச் சுற்றியும் ஓட விடலாம்.

நியூரம்பர்க் நகரத்தில் 1562இல் இறந்த விர்கில் சோலிஸின் பட்டறை 2,000க்கும் மேற்பட்ட அச்சுகளை வெளியிட்டது. செதுக்கலும் உண்டு, எட்சிங்கும் உண்டு. அதில் வேட்டை ஃப்ரீஸ்கள் நிறைய. அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று தேடினால் துப்பாக்கிக் கட்டைகளில் கிடைக்கின்றன. அன்றைய ஜெர்மன் வேட்டைத் துப்பாக்கிகளின் மரக்கட்டையில் மான்கொம்பை மெல்லிய தகடாகச் சீவிப் பதிப்பார்கள். அந்தக் கொம்புத் தகட்டின் மேல் சோலிஸ், யோஸ்ட் அம்மன் போன்றவர்களின் அச்சுகளைப் பார்த்து நாயும் மானும் பன்றியும் செதுக்குவார்கள். மானைக் கொல்லும் துப்பாக்கியில், மானின் கொம்பிலேயே, நாய் துரத்தும் மான். எனக்கு இந்த ஒரு பொருளைப் பார்த்த பிறகுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. தாளில் இருந்தது பாதி வேலை, மீதி வேலை இன்னொருவர் கையில் நடந்திருக்கிறது.

இத்தாலியில் காஸ்தெல்லி என்ற மலையூரின் மட்பாண்டங்களும் இதற்கு நல்ல சாட்சி. அங்கே க்ரூவே குடும்பத்து ஓவியர்கள் 17ஆம் நூற்றாண்டில் தட்டுகளில் வரைந்த வேட்டைக் காட்சிகள் பல, அந்தோனியோ தெம்பெஸ்தாவின் எட்சிங்குகளிலிருந்து எடுத்தவை. அந்தத் தெம்பெஸ்தாவிடம் பிறகு வருவோம்.

மாதிரியை எப்படி மாற்றுவார்கள்? ஒரு வழி நமக்கு நன்றாகவே தெரியும். கோல அச்சுத் தகட்டில் துளைகள் இருக்கும், மாவைப் போட்டுத் தட்டினால் துளை வழியாக விழுந்து வடிவம் வரும். பட்டறைகளிலும் படத்தின் கோடுகள் மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டி, கீழே இருக்கும் பொருளில் புள்ளி விழ வைப்பார்கள். துளை போட்ட தாள் எத்தனை நாள் தாங்கும்? இந்த அச்சுகளில் பல இன்று கிடைக்காமல் போனதற்கு, அவை நன்றாக உழைத்துத் தேய்ந்ததே ஒரு காரணம்.

ஆக, இதுவரை: இவை சுவரில் மாட்டப் பிறந்தவை இல்லை, கைவினைஞர் மேஜையில் கிடந்தவை. ஃப்ரீஸ் என்பது எதைச் சுற்றியும் ஓடக்கூடிய கரை.

## ஏன் வேட்டை?

வாங்குகிறவர் யார் என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். செதுக்கு வேலை செய்த துப்பாக்கியும் வெள்ளிக் கிண்ணமும் பிரபுக்களுக்கும் பணக்கார வணிகர்களுக்கும் உரியவை. பெரிய மிருகங்களை வேட்டையாடும் உரிமை ஜெர்மன் நிலங்களின் பெரும்பகுதியில் பிரபுக்களுடையது. குடியானவர் தன் பயிரை மானும் பன்றியும் மேய்ந்தாலும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 1525இல் உழவர்கள் கிளர்ந்து எழுந்தபோது மெமிங்கன் நகரில் எழுதிய 12 கோரிக்கைகளில் நான்காவது இதைப் பற்றியதுதான். காட்டு மிருகத்தையும் பறவையையும் மீனையும் ஏழை தொடக்கூடாது என்பது நியாயமில்லை என்று அதில் கேட்டார்கள். இவ்வளவு கசப்பு இருந்த ஒரு உரிமையைத்தான் கிண்ணத்தின் விளிம்பில் இலையும் பூவுமாக ஓட விட்டிருக்கிறார்கள். அந்த அழகை ரசிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

மீதி பதில் வடிவத்தில் இருக்கிறது. துரத்தல் என்பது ஒரே திசையில் போகிற காரியம். முயல் முன்னால், நாய் பின்னால், அதற்குப் பின்னால் இன்னொரு முயல். நீளம் கூட வேண்டுமா, இன்னும் இரண்டு நாய் சேர்த்துக்கொள்ளலாம். கிண்ணத்தைச் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தால் முதலும் தெரியாது முடிவும் தெரியாது. கரை வரைகிறவருக்கு இதைவிட வசதியான கதை கிடைக்காது.

இதோடு ரோமாபுரியிலிருந்து வந்த ஒரு பழக்கமும் சேர்ந்தது. 1480ஐ ஒட்டி ரோமில் நீரோ மன்னனின் அரண்மனை மண்ணுக்குள் புதைந்து கிடப்பதைக் கண்டார்கள். ஓவியர்கள் மேலே துளை வழியாகக் கயிறு கட்டி உள்ளே இறங்கி, விளக்கு வெளிச்சத்தில் சுவர் அலங்காரங்களைப் பார்த்து வரைந்தார்கள். பாதி மனிதன் பாதி இலை, கொடியிலிருந்து முளைக்கும் சிங்கம், நூல்மேல் நிற்கும் பறவை. குகை மாதிரி இடத்தில் கிடைத்ததால் இத்தாலியக் குகைச் சொல்லான 'க்ரோத்தா'விலிருந்து இதற்கு குரொடெஸ்க் என்று பெயர் வந்தது. இந்த வடிவம் அச்சுகள் வழியாக ஐரோப்பா முழுக்கப் பரவியது. வேட்டை நாய் காட்டில் ஓடியது போய், கொடியின் சுருளுக்குள் ஓட ஆரம்பித்தது.

இதை மிக அழகாகச் செய்தவர் என்று நான் சொல்வது ஃப்ளாரன்ஸ் நகரத்து ஸ்தேஃபனோ தெல்லா பெல்லாவை (1610–1664). முள்ளிலை மாதிரி மடிப்பு மடிப்பாக விரியும் அகாந்தஸ் இலைச் சுருளுக்குள் நாயும் சிறுத்தையும் கழுகும் சிக்கி நிற்கும். ஊசிக் கோடு அவ்வளவு லேசு. இலை எங்கே முடிகிறது, மிருகத்தின் ரோமம் எங்கே தொடங்குகிறது என்று சில இடத்தில் பிரிக்க முடியாது. கோட்டின் போக்கே இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

எல்லாம் வேட்டைக்காரன் பக்கம் நின்று வரைந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் கலைஞர் இஸ்ராஹேல் ஃபான் மெக்கனெம் செய்த ஒரு செதுக்கு அச்சில் முயல்கள் வேட்டைக்காரனைப் பிடித்து, கம்பியில் கோத்து நெருப்பில் சுற்றிச் சுடுகின்றன. நாய்களுக்கும் அதே கதிதான்.

## மிருகங்கள் எங்கிருந்து வந்தன?

கோல நோட்டில் அன்னம் வரைந்தவர் அன்னத்தைப் பார்த்தாரா என்று நாம் கேட்பதில்லை. வேட்டை எட்சிங்கில் நெருப்புக்கோழியைப் பார்த்தால் மட்டும் ஏன் உடனே நம்பிவிடுகிறோம்?

ப்ரூஜ் நகரில் பிறந்து ஃப்ளாரன்ஸில் வாழ்ந்த யான் வான் டெர் ஸ்த்ராத், இத்தாலியில் ஸ்த்ரதானோ என்ற பெயரால் அறியப்பட்டவர். ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் பொஜ்ஜோ ஆ காயானோ மாளிகைக்கு வேட்டைக் காட்சித் திரைச்சீலைகளை வடிவமைத்தார். அந்தக் கருவிலிருந்து வளர்ந்த வடிவங்களை ஆண்ட்வெர்ப் நகரத்தில் ஃபிலிப்ஸ் காலெ 104 தகடுகள் கொண்ட தொகுப்பாக வெளியிட்டார். இவை செதுக்கு அச்சுகள். ஸ்த்ரதானோவிடம் பயின்றவர் நாம் மேலே பார்த்த தெம்பெஸ்தா (1555–1630). அவர் ரோமில் இருந்துகொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகள் செய்தார், வேட்டை மட்டுமே பல தொகுப்புகள். அவரைப் பார்த்து வளர்ந்த தலைமுறையில் வருகிறவர் தெல்லா பெல்லா. நெருப்புக்கோழி வேட்டை தெம்பெஸ்தாவிலும் வரும், தெல்லா பெல்லாவிலும் வரும். அந்தக் கோழி ஓடி வந்தது ஆப்பிரிக்கச் சமவெளியிலிருந்து இல்லை, தாளிலிருந்து தாளுக்கு.

சில மிருகங்கள் இன்னும் பழைய இடத்திலிருந்து வந்தவை. யானையும் பெரும் பாம்பும் ஓயாத பகைவர்கள் என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்தார். 1,500 வருடம் கழித்து ஸ்த்ரதானோவின் வேட்டைத் தொகுப்பில் யானையும் டிராகனும் சண்டை போடுகின்றன.

இந்தியாவிலிருந்து போன ஒரு மிருகத்தின் கதையும் இங்கே உண்டு. குஜராத் சுல்தான் போர்த்துக்கீசியருக்குக் கொடுத்த காண்டாமிருகம் 1515 மே 20 அன்று லிஸ்பனில் இறங்கியது. டியூரர் அதை நேரில் பார்க்கவில்லை. வந்து சேர்ந்த ஒரு வரைபடத்தையும் வர்ணனையையும் வைத்து ஒரு மரச்செதுக்கு செய்தார். தோலைக் கவசத் தகடு மாதிரி மடித்து, தோளுக்கு மேல் இல்லாத ஒரு குட்டிக் கொம்பையும் வைத்தார். அடுத்த 200 வருடம் ஐரோப்பா முழுக்கக் காண்டாமிருகத்துக்கு அந்தக் கொம்பு முளைத்துக்கொண்டே இருந்தது.

அப்படியானால் எதையுமே நம்பக் கூடாதா? அப்படி இல்லை. நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இது. ஊர் மிருகமும் கருவியும் பெரும்பாலும் கண்ணால் கண்டவை. பன்றி ஈட்டியைப் பாருங்கள், முனைக்குக் கீழே குறுக்கே ஒரு கட்டை இருக்கும். குத்துப்பட்ட பன்றி ஈட்டியின் மேலேயே ஏறி வந்து ஆளைக் கிழிக்காமல் தடுக்கத்தான் அது. காட்டை வளைத்துக் கட்டிய வலை, துணித் தடுப்பு, கையில் வல்லூறு, பன்றி வேட்டை நாய்க்குப் போட்ட கெட்டித் துணிச் சட்டை இவையெல்லாம் உண்மையாக இருந்தவை. தூர தேசத்து மிருகம் என்றால் சந்தேகப்படுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் ஒரே நாளில் நடந்த மாதிரி காட்டும் அந்தக் காட்சியமைப்பைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். அது துண்டு துண்டாக வெட்டி எடுத்துக்கொள்வதற்காகச் சேர்த்து வைத்தது.

## இடம் வலமாகும்

கடைசியாக, படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்களே செய்து பார்க்கக்கூடிய விஷயம். தகட்டில் வலப்பக்கம் பார்த்து வரைந்த நாய், தாளில் இடப்பக்கம் பார்க்கும். ரப்பர் ஸ்டாம்பை அழுத்தினால் எழுத்து திரும்பி வருகிற அதே கதைதான். கவனமானவர்கள் முன்கூட்டியே திருப்பி வரைவார்கள். அவசரத்தில் இன்னொருவர் அச்சைப் பார்த்து அப்படியே தகட்டில் வரைகிறவர் அதைச் செய்வதில்லை.

அதனால் வேட்டைக்காரனின் இடுப்பைப் பாருங்கள். வலக்கையால் உருவுகிறவன் வாளை இடப்பக்கம் தொங்கவிடுவான். வாள் வலப்பக்கம் தொங்கினால், ஊதுகொம்பும் ஈட்டியும் கை மாறியிருந்தால், நீங்கள் பார்ப்பது அநேகமாக இன்னொரு அச்சின் பிரதி. அதே மான் எதிர்ப்பக்கம் ஓடும் இன்னொரு தாள் எங்காவது இருக்கும். இரண்டையும் கண்டுபிடித்துப் பக்கத்தில் வைக்கும்போது கிடைக்கும் சந்தோஷம் தனி.

பழைய ஹோப்ஃபர் அச்சுகளில் இன்னொன்றும் பார்க்கலாம். அவர்களுடைய இரும்புத் தகடுகளில் 230ஐ 17ஆம் நூற்றாண்டில் நியூரம்பர்க் புத்தக வியாபாரி டேவிட் ஃபுங்க் வாங்கி, ஒவ்வொன்றிலும் எண் பொறித்து மறுபடி அச்சிட்டார். 1802இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் 92 தகடுகளிலிருந்து மீண்டும் அச்செடுத்தார்கள். அதற்குள் இரும்பில் துரு ஏறிவிட்டிருந்தது. துருப்பிடித்த குட்டிப் பள்ளங்களிலும் மை தங்கும், தாளில் பதியும். வெறுமையாக விட்ட இடத்தில் சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் தூரத்துப் பறவைகள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிதாக்கிப் பார்த்தால் சிறகு இருக்காது.